ஒரு வாக்கு, ஒரு பதவி

சட்டமன்றப் பொதுத் தேர்தலுக்கு முன் நம் சங்க அங்கத்தினர் தெளிவாக அறிந்திருக்க வேண்டியது ஒன்றுண்டு. அன்று நாம் அளிக்கும் வாக்கு ஒன்றே. அதனால் நிரம்பும் பதவியும் ஒன்றே. அது நம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் பதவி. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் கும்மிடிப்பூண்டி முதலாவது. நமக்கு அண்மையிலுள்ள திருவள்ளூர் நான்காவது.

முதலமைச்சரை நாம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. சட்டமன்றத்தில் பெரும்பான்மை, அதாவது 118 உறுப்பினரின் ஆதரவு, உடையவரே அப்பதவியை ஏற்கிறார். 1952இல் ராஜாஜி பொதுத் தேர்தலில் நிற்காமலே, மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டுச் சென்னை மாகாண முதலமைச்சரானார். 1986இல் மேலவை நீக்கப்பட்டதால் இன்று அவ்வழி இல்லை. ஆகவே நாம் அனுப்பும் உறுப்பினரே அரசாங்கத்தின் அடிக்கல்.

ஊராட்சித் தேர்தலின் முறை வேறு. அங்கே கிராம வாக்காளர் நான்கு வாக்குகள் அளிக்கிறார்: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர். தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் அவர்கள் பொறுப்பு. சட்டமன்ற வேட்பாளரிடம் தெருவிளக்கை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவோர், கேட்க வேண்டிய பெரியவற்றைக் கேளாமல் விடுகின்றனர்.

அப்பெரியவை யாவை? அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்பேட்டையிலும் தறியோட்டுவோருக்கு மின்சாரச் சலுகை மாநில அரசாங்கம் தருவது. 2023இல் கைத்தறிக்கான இலவச மின்சாரம் இரு மாதங்களுக்கு 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்ந்தது. திருப்பாச்சூர் வட்டாரத்து உழவருக்குப் பம்புசெட் மின்சாரமும், ஏரிப் பராமரிப்பும், கூட்டுறவுக் கடனும் அவ்வாறே மாநிலத்தின் கையில் உள்ளவை. நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலையை நிர்ணயிப்பது மத்திய அரசாங்கம். அதற்கு மேல் ஊக்கத்தொகை சேர்ப்பது மாநிலம். நூலின் மீதான வரியை முடிவு செய்யும் ஜி.எஸ்.டி. மன்றத்திலோ மாநில அமைச்சரும் அமர்கிறார்.

கூட்டுறவாளராகிய நாம் தனியே எண்ணிப் பார்க்க வேண்டியது கடன் தள்ளுபடி. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு இரு மாதங்களுக்கு முன், 16 லட்சத்துக்கு மேற்பட்ட உழவர்களின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்படுவதாக அறிவிக்கப்பட்டது. வாடிய குடும்பங்களுக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் கடன் கொடுத்தது சங்கம். அதன் நிதியில் அங்கத்தினரின் பங்குத்தொகையும் வைப்புத்தொகையும் அடங்கும். அரசாங்கம் அத்தொகையை ஈடுசெய்யும்வரை சங்கத்தின் கைமுதல் முடங்கும். அடுத்த பருவத்தில் கடன் கேட்டு வருவோர் காத்திருக்க நேரும். எனவே தள்ளுபடி தருவதாகச் சொல்லும் வேட்பாளர் எவராயினும், எக்கட்சியினராயினும், "சங்கத்துக்குப் பணம் எந்நாளில் வரும்?" என்று நாம் பணிவுடன் கேட்க வேண்டும்.

இக்கேள்வியைக் கேட்கும் தகுதி நம் மாவட்டத்துக்கு நிரம்ப உண்டு. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவ்வாண்டிலேயே கிராமியக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது நம் திரூரில்தான். அந்நாளில் அங்கத்தினர் சங்கத்தில் வாக்களித்தனர். ஆனால் நாட்டின் ஆட்சியில் அவர்களிற் பெரும்பாலோர்க்கு வாக்கில்லை. 1937இல்கூடச் சொத்து, வரி, கல்வி முதலிய தகுதி உடையோரே வாக்களித்தனர். நிலமற்ற நெசவாளியும் கூலி உழவரும் முதன்முறையாகப் பொதுத் தேர்தலில் வாக்களித்தது 1952இல்.

இத்துணைக் காலம் காத்துப் பெற்ற உரிமையை வெயிலுக்கஞ்சியோ, அன்பளிப்புக்கு மயங்கியோ இழத்தல் தகாது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளதா என்று இன்றே பாருங்கள். வேட்பாளர் நம் தெருவுக்கு வரும்போது நூல், நீர், கடன் ஆகிய மூன்றையும் பற்றிக் கேளுங்கள். விடையைக் கேட்டபின் வாக்களியுங்கள்.