தயாரிப்பாளரின் சுதந்திரம் எங்கே இருக்கிறது?

சிறிய படங்களின் தயாரிப்பாளரைப் பற்றிப் பேசும்போது அவரது ரசனையையும் துணிச்சலையுமே நாம் பெரிதாகப் பேசுகிறோம். அவர் கையிலுள்ள பணம் யாருடையது, அதை எப்போது திருப்பித் தர வேண்டும் என்பதை யாரும் கேட்பதில்லை. எந்த மாதிரிப் படம் வரும் என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. ஃபைனான்சியரிடம் வட்டிக்கு வாங்கியவருக்கு ஷூட்டிங் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் கடன் ஏறும். பாக்கி தீராமல் படம் தியேட்டருக்குப் போகாது. அந்த நெருக்கடியில்தான் கதைக்கு வேண்டாத பாட்டும் சண்டையும் உள்ளே வருகின்றன.

கொல்லத்து முந்திரி ஏற்றுமதியாளர் கே. ரவீந்திரநாதன் நாயர் இந்த நெருக்கடிக்கு வெளியே நின்றார். அவரது ஜெனரல் பிக்சர்ஸ் நிறுவனத்தின் முதல் படம் 1967இல் வந்தது. 1973இல் வந்த ‘அச்சாணி’ நன்றாக ஓடியதால் ‘அச்சாணி ரவி’ என்ற பெயரே அவருக்கு நிலைத்தது. அந்த வெற்றியின் பாதையிலேயே அவர் தொடர்ந்திருக்கலாம். ஆனால் 1977இல், ஆந்திரப் பழங்குடியினர் ராமனாகவும் லட்சுமணனாகவும் நடித்த ‘காஞ்சன சீதா’வை அரவிந்தன் இயக்கத்தில் தயாரித்தார். அடுத்த சில ஆண்டுகளில் ‘தம்பு’, ‘கும்மாட்டி’ உட்பட அரவிந்தனுக்கு மேலும் நான்கு படங்கள். அடூர் கோபாலகிருஷ்ணனுக்கு ‘எலிப்பத்தாயம்’ முதல் ‘விதேயன்’ வரை நான்கு. 1981இல் எடுத்த ‘எலிப்பத்தாயம்’ பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் சதர்லேண்ட் கோப்பையைப் பெற்றது. ஒரு படத்தின் வசூலை நம்பி அடுத்த படத்தை எடுக்கும் நிலையில் இருந்திருந்தால் இந்த வரிசை பாதியிலேயே நின்றிருக்கும்.

இது வசதி படைத்தவரின் பொழுதுபோக்கு, எல்லோருக்கும் வாய்க்காது என்பார்கள். பணம் வாய்க்காது என்பது உண்மைதான். ஆனால் பணத்தின் நிபந்தனையை வேறு வழியிலும் மாற்றலாம். மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவரது ஒடேசா குழுவினரும் ஊர் ஊராகப் படம் திரையிட்டு, மக்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டி 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார்கள். அங்கே முந்திரி ஆலை இல்லை, வட்டியும் இல்லை. ஓடிடி வந்துவிட்டதே என்றால், 2021இல் ராட்டர்டாம் விழாவில் புலி விருது வென்ற ‘கூழாங்கல்’ ஓடிடிக்கு வந்தது 2023இல்தான். அத்தனை காலம் வட்டி கட்டிக் காத்திருக்கச் சிறு தயாரிப்பாளர்களில் எத்தனை பேரால் முடியும்?

கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களின் படங்களைத் தானே பணம் போட்டுத் தயாரிக்கிறது. தமிழ்நாட்டில் குறைந்த செலவுப் படங்களுக்கான அரசு மானியமோ படம் முடிந்து வெளியான பிறகே கிடைக்கிறது. அதற்குள் வட்டி தன் வேலையை முடித்திருக்கும். அந்த உதவியின் ஒரு பகுதியையாவது ஷூட்டிங் தொடங்கும் முன்பே அரசு கொடுக்க வேண்டும்.