உங்களுக்குத் தெரியுமா? பனியில் காத்திருக்கும் கன்று

கால்நடை பராமரிப்புத் துறையின் உறைவிந்துக் குச்சியை நம் குடியானவர்கள் நன்கறிவார்கள். அந்தத் துறையின் தலைமை அலுவலகம் நெடுங்காலம் இயங்கிய தேனாம்பேட்டையிலேயேகூட, ஏழு நாள் வளர்ந்த பசுங்கருவைப் பூஜ்யத்திற்குக் கீழ் 196 டிகிரி குளிர்ந்த திரவ நைட்ரஜனில் வைத்து, ஆண்டுகள் பல கழிந்தபின் வேறொரு பசுவின் கருப்பையில் சேர்த்துக் கன்று ஈனச் செய்யலாம் என்பதை அறிந்தோர் சிலரே. 1973இல் கேம்பிரிட்ஜில் வில்மட், ரௌசன் என்னும் விஞ்ஞானிகளின் பிரயத்தனத்தால் இவ்வண்ணம் பிறந்த முதற் கன்றுக்கு ‘ஃபிராஸ்டி’ என்று நாமகரணம் செய்தார்கள். அந்த வில்மட்டே பின்னாளில் டாலி என்னும் ஆட்டின் பிறப்புக்கும் காரணமானவர்.

உறையும் ஜலம் கூரிய படிகமாகி உயிரணுவைச் சிதைத்துவிடும் என்பதே இதிலுள்ள பேராபத்து. ஆகையால் கிளிசரால், எத்திலீன் கிளைக்கால் போன்ற காப்புத் திரவங்களைக் கருவுக்குள் ஊறச் செய்து, நிமிஷத்திற்குச் சுமார் அரை டிகிரியாக மெல்லக் குளிர்விப்பது ஒரு மார்க்கம். படிகம் தோன்ற அவகாசமே தராமல் க்ஷணத்தில் கண்ணாடியாய் இறுகச் செய்வது மற்றொன்று. கருவுறாத முட்டைக்குப் பின்னதே உகந்தது. கொழுப்பு மிகுந்த அந்தப் பெரிய ஒற்றை அணுவில், குரோமோசோம்களை ஒழுங்குபடுத்தும் நுண்ணிழைகள் வெறும் குளிர்ச்சியிலேயே குலைந்துவிடுகின்றன.

அருகிவரும் ஆலம்பாடி, பர்கூர் மாடுகளின் சந்ததியை இவ்வாறு சேமித்து வைப்பது அவசரமான கடமை என்றே கருதுகிறேன்.

அப்படிச் சேமித்த கருவை உருக்குவதிலும் நிதானம் வேண்டும்: கருவை அடைத்து மெல்ல உறையவைத்த குச்சியைச் சில விநாடி காற்றில் பிடித்த பிறகே இளஞ்சூட்டு நீரில் இடுகிறார்கள், எடுத்தவுடன் இட்டால் கருவைச் சூழ்ந்த உறை விரிசல் காணக்கூடும்.