கமவேலை நாட்களில் இருவருக்கான இராவுணவு

மன்னார் மாவட்டத்திற் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்கின்றது. அருவியாற்று நீர் தேக்கம் அணைக்கட்டிலிருந்து கட்டுக்கரைக்குளத்தை அடைந்து, முருங்கன், நானாட்டான், உயிலங்குளம், அடம்பன் முதலிய இடங்களின் வயல்களுக்குப் பாய்வதும் இப்பெரும்போகத்திலேயே மிகுதி. விதைப்பு முதல் அறுவடை வரை கணவனும் மனைவியும் ஒருங்கே வயலில் நிற்பர். களை பிடுங்கி, பசளையிட்டு, வரம்பு திருத்தி, பொழுது சாய்ந்த பின்னரே வீடு திரும்புவர்.

பிள்ளைகள் மணமுடித்துப் பிரிந்த வீடுகளிலும், புதிதாக மணமுடித்தோர் வீடுகளிலும் உண்பவர் இருவரே. இருவருக்கென்று அடுப்பு மூட்டிச் சோறும் மூன்று கறியும் ஆக்குவானேன் என்னும் எண்ணம் களைத்துவந்த உடலுக்குத் தோன்றுவது இயல்பு. அதன் பயனாகக் கடைப் பாணும் சம்பலும் வெறுந்தேநீருமே இராவுணவாகிவிடுகின்றன. கோதுமை இந்நாட்டில் விளைவதன்று. 2022 ஆம் ஆண்டிற் சமையல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடையாது மக்கள் வரிசையில் நின்றபோது கோதுமை மாவின் விலையும் பன்மடங்கு ஏறியதை எவரும் மறந்திரார். நெல் விளைவிப்போர் தம் நெல்லை விற்றுப் பாண் வாங்குதல் எக்கணக்கிலும் இலாபமாகாது.

இதனினும் பெரிய இழப்பு உடல்நலத்தில் நேர்வது. இறுதியாக உண்பவளும் குறைவாக உண்பவளும் பெரும்பாலும் மனைவியே. இரும்புச்சத்துக் குறைவினாற் சோர்வு, தலைச்சுற்று, மூச்சு வாங்கல் ஆகியன தோன்றும். வேலைக் களைப்பென்று அவற்றைத் தள்ளிவிடுவோர் பலர். கருவுற்ற பெண்ணாயின் தாய்க்கும் சேய்க்கும் அது கேடாகும். வேலியோரத்து முருங்கை இலை பழுத்து உதிர்கையில் வீட்டிலுள்ளோர் சத்துக்குறைவால் வாடுதல் வருந்தத்தக்கது.

விரைந்து சமைக்க விரும்புவோர் ஓய்வான ஒரு நாளிற் சிறிது வேலையை முன்கூட்டியே முடித்துவைத்தல் வேண்டும். சிவப்புப் பச்சையரிசியை ஊறவைத்து இடித்து வறுத்து, ஆறியபின் ஈரம் புகாத தகரத்தில் இட்டுவைத்தாற் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் மா ஆயத்தமாக இருக்கும். இருவருக்கு ஒன்றரைச் சுண்டு மா போதும். உப்பிட்ட கொதிநீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துக் குழைத்து, உதிரியாகக் கொத்திக்கொள்க. அதனுடன் கழுவி அரிந்த முருங்கை இலை இரு கைப்பிடி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ ஆகியவற்றைக் கலந்து நீற்றுப்பெட்டியில் இட்டு அவிக்கவும். ஆவி மேலெழுந்தபின் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். சிறு இறால் அகப்படின், தோல் நீக்கி, மஞ்சளும் உப்பும் இட்டு முன்னதாக அவித்துச் சேர்க்கலாம். கறி தேடாத பிட்டு இது.

பிட்டு அவியும் நேரத்திலேயே மற்றோர் அடுப்பிற் சொதி ஆக்கலாம். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம், மஞ்சள் ஆகியவற்றை இரண்டாம் பாலிற் கொதிக்கவிட்டு, மீன் துண்டுகளை இட்டு, அவை வெந்தபின் முதற் பாலை ஊற்றி ஒரு கொதி வருமுன் இறக்குதல் வேண்டும். தேசிக்காய்ப் புளியை இறக்கிய பின்னரே விடுக. அடுப்பில் இருக்கையில் விட்டாற் பால் திரைந்துவிடும். பேசாலை, தாழ்வுபாடு, பள்ளிமுனை, வங்காலைக் கரைகளில் இறங்கும் நெத்தலி, சூடை போன்ற சிறுமீன்கள் விலை குறைந்தவை. முள்ளோடு மென்று உண்ணத்தக்கவையாதலின் சுண்ணாம்புச்சத்தும் மிகுதி. பெருமீனுக்காகக் காத்திருத்தல் வேண்டா. கருவாடாயின் நீரில் ஊறவிட்டு இருமுறை கழுவி உப்பைக் குறைத்துக்கொள்க. இரத்த அழுத்தம் உடையோர் அதனைக் குறைப்பதே நன்று.

தேசிக்காய்ப் புளி சுவைக்கு மட்டும் உரியதன்று. கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள அது துணை செய்கின்றது. உணவோடு அருந்தும் தேநீரோ அதனைத் தடுக்கின்றது. ஆதலின் இரவுத் தேநீரை உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்னரோ பின்னரோ அருந்துக.

நெற்செய்கையாளர் எல்லோரிடத்தும் உள்ளதும் சமையலுக்கு எவரும் கொள்ளாததுமான ஒரு பொருள் வைக்கோல். உலகப்போர்க் காலத்தில் விறகும் நிலக்கரியும் அருகிய ஐரோப்பிய நாடுகளில் இல்லத்தரசியர் வைக்கோற்பெட்டியிற் சமைத்தனர். அம்முறை இங்கும் ஏற்றதே. பானையைக் காட்டிலும் எல்லாப் பக்கத்தும் அரைச் சாண் அகன்ற மரப்பெட்டியோ பெரிய பனையோலைக் கடகமோ போதும். நன்கு உலர்ந்த வைக்கோலை அடியிலும் பக்கங்களிலும் இறுக அடைத்து, நடுவே பானை அமரும் அளவிற் குழி விடுக. உமி நிரப்பிய ஒரு சிறு சாக்கு மேல்மூடியாகும்.

ஒரு மணி நேரம் ஊறிய புழுங்கல் அரிசியை, வழக்கத்திற் சற்றுக் குறைந்த நீருடன் அடுப்பிற் பத்து நிமிடம் நன்கு கொதிக்கவிடுக. மூடியைத் திறவாமல் உடனே பானையைக் குழியில் வைத்து மூடிவிடுக. ஒன்றரை மணி நேரத்திற் சோறு வெந்திருக்கும். அடிப்பிடிப்பதில்லை, பார்த்திருக்க ஆளும் வேண்டியதில்லை. ஊறிய பாசிப்பயற்றுக்கு இரண்டு மணி நேரம் கொள்ளும். இருவர் மட்டும் உள்ள வீட்டார் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பெரிய பானையிற் சிறிதளவு உணவை வைத்தாற் சூடு விரைவில் இறங்கிவிடும். சிறிய பானையை முக்காற் பங்குக்கு மேல் நிரப்பி வைப்பதே முறை. மீனையும் இறைச்சியையும் இப்பெட்டியில் வேகவைத்தல் ஆகாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் எதனையும் அதில் விடாது, உண்ணுமுன் ஒருமுறை கொதிக்க வைத்துக்கொள்க. ஆகவே நண்பகலில் ஒருவரேனும் வீட்டிற்கு வந்து செல்லும் குடும்பங்களுக்கே இது பயன்படும். காலையிற் சென்று இரவில் திரும்புவோர்க்கு மேற்கூறிய பிட்டே பொருந்தும். நண்பகற் சோற்றை இரவு வரை அப்படியே வைத்து உண்பது, மன்னார் வெப்பத்தில், வயிற்றுக்கு நல்லதன்று.

மழைநாட்களிற் கூழ் விரும்பத்தக்கது. ஒரே பானையிற் சோறும் மரக்கறியும் மீனும் அடங்குவதாற் கழுவும் பாத்திரமும் குறைவு. காலையில் வயலுக்குப் போகுமுன் நான்கு மேசைக்கரண்டி ஒடியல் மாவை நிறைய நீரில் ஊறவிட்டுச் செல்க. மாலையில் மேல்நீரை வடித்து, மீண்டும் நீர் விட்டு வடித்தாற் கசப்பு நீங்கும். இதனைச் சுருக்குதல் கூடாது. ஒரு கைப்பிடி அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை ஆகியவற்றை அவித்து, அரைவேக்காட்டில் மீனோ நண்டோ சேர்க்கவும். பின்னர் ஒடியல் மாவைப் பழப்புளிக் கரைசலிலும் அரைத்த செத்தல் மிளகாயிலும் கலந்து ஊற்றி, தடிக்கும் வரை துழாவிக் கொதிக்கவிடுக. இறக்கும்போது முருங்கை இலையைத் தூவலாம்.

இவை எல்லாம் அரை மணி நேரத்தில் முடிய வேண்டுமாயின் நான்கு கைகள் வேண்டும். மனைவி மாக் குழைக்கையிற் கணவன் தேங்காய் துருவிப் பால் பிழியலாம், மீன் கழுவலாம். வயலிற் சம பங்கு உழைத்தவளை அடுப்படியிலே தனியே விட்டுத் திண்ணையிற் சாய்ந்திருப்பது எவ்வகை நியாயமோ தெரியவில்லை. அனகி எனப்படும் இரட்டைச் சட்டி மண்ணடுப்பு வைத்திருப்போர்க்கு ஒரே நெருப்பிற் பிட்டும் சொதியும் ஆகும்; மூன்று கல் அடுப்பிலும் விறகு குறைவாகவே செல்லும்.

முருங்கை இல்லாத வளவினர் ஐப்பசி மழையுடன் மூன்று நான்கடி நீளமான முற்றிய தடியொன்றை நடுதல் வேண்டும். தீவின் மணற்றரையில் அது எளிதில் வேரூன்றும். முருங்கன் பகுதியின் கறுப்புக் களியில் நீர் தேங்கித் தடி அழுகிவிடுமாதலின், மண்ணை மேடாக்கி அதன் மேல் நடுக. கிணற்றடிக் கழுவுநீர் செல்லும் வழியில் இரண்டு கறிமிளகாய்ச் செடியும் ஒரு பாத்தி முளைக்கீரையும் இருப்பின் இருட்டிய பின்னரும் அடுப்படிக்கு வேண்டியது கைக்கெட்டும்.