நடைக்கும் சிறுநீருக்கும் சேர்த்தே வைத்தியம் வேண்டும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் எம்.எஸ். நோய் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு, மூன்று மடங்கு அதிகம் தாக்குகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தலைகாட்டுகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மயலின் உறையைச் சிதைத்துவிடுகிறது. நடை தடுமாறினால் வீட்டார் கண்ணில் பட்டுவிடும். சிறுநீர்த் தொந்தரவையோ, பிரசவத்தால் வந்தது, வயதானால் இப்படித்தான் என்று பெண்கள் தமக்குள்ளேயே மறைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே இடத்துக் கோளாறாக இருக்கலாம். சிறுநீர்ப்பைக்கும் மூளைக்கும் இடையே சேதி போகும் பாதையும், கால்களுக்கான நரம்புப் பாதையும் தண்டுவடத்தின் வழியாகவே செல்கின்றன. அங்கே பாதிப்பு வந்தால், பை முழுதாக நிறையும் முன்பே சுருங்கி அவசரப்படுத்தும். அல்லது பை சுருங்கும் நேரத்தில் அதன் வாய்த்தசை தளராமல் இறுகி, சிறுநீர் உள்ளேயே தேங்கும். கால்களும் தளர்ந்திருக்கையில், வாக்கரைப் பிடித்து எழுந்து, கழிவறைக் கதவைத் திறந்து, சேலையைத் தூக்குவதற்குள் உடை நனைந்துவிடுகிறது. அந்த அவசரத்தில் விழுந்து அடிபடுபவர்களும் உண்டு.

தண்ணீரைக் குறைத்தால் சரியாகிவிடுமே என்று தோன்றும். வெளியூர்ப் பயணத்தில் கழிவறை கிடைக்காத பெண்ணுக்கு அது நியாயமாகவும் படும். ஆனால் அடர்ந்த சிறுநீர் பையை எரிச்சலூட்டும். மலச்சிக்கல் சேர்ந்து அவசரத்தைக் கூட்டும். தொற்றுக்கும் வழி பிறக்கும். தொற்றால் காய்ச்சல் வந்தால், உடல் சூடேறி, பழுதான நரம்புகள் இன்னும் மந்தமாகி, கால்கள் வலுவிழக்கும். நோயே மறுபடி தாக்கியதுபோல் தெரியும். நடை திடீரென மோசமானால் சிறுநீரையும் பரிசோதிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

எம்.எஸ்ஸை முழுதாகக் குணப்படுத்த முடியாதபோது சிறுநீர்த் தொந்தரவுக்கு மட்டும் வைத்தியம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. நோய் போகாவிட்டாலும் இந்தத் துன்பத்தைக் குறைக்க முடியும். சிறுநீர் கழித்த பிறகு மிச்சம் எவ்வளவு என்று முதலில் ஸ்கேனில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் பையைத் தளர்த்தும் மாத்திரை கொடுத்தால் தேக்கம் கூடலாம். மாத்திரை பலிக்காதவர்களுக்குப் பையின் சுவரில் போடாக்ஸ் ஊசி போடுகிறார்கள். சிறுநீர் தேங்குபவர்கள், வேளாவேளைக்குத் தாமே மெல்லிய டியூபைச் செருகிப் பையைக் காலிசெய்யலாம். சுத்தமான கைகளோடு செய்தால் போதும் என்று 1972-இல் அமெரிக்க மருத்துவர் ஜேக் லேப்பிடஸும் அவரது குழுவினரும் எழுதினார்கள். டியூபால் தொற்று வராதா என்ற பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் தேங்கிய சிறுநீரும் கிருமி வளரும் இடம்தான். கை நடுங்குபவர்களுக்கு வேறு ஏற்பாடு தேவைப்படும். இவற்றோடு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, சுவரில் கைப்பிடி, கட்டிலருகே கமோடு நாற்காலி ஆகியவையும் வைத்தியத்தின் பகுதியே. நடையைச் சோதிக்கும் மருத்துவர் சிறுநீரைப் பற்றியும் தாமே கேட்க வேண்டும். கேட்காவிட்டால், பெண்கள் தயங்காமல் சொல்ல வேண்டும்.