ஹெல்சின்கி டு டோக்கியோ: தூரம் அதேதான், நேரம் மட்டும் எப்படி ஏறுச்சு?

ரெண்டு ஏர்போர்ட் பேரைக் கொடுத்தா தூரத்தையும் பயண நேரத்தையும் சொல்ற வெப்சைட்டுகளைப் பார்த்திருப்பீங்க. அதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு ரொம்ப சிம்பிள். உருண்டையான பூமி மேல ரெண்டு புள்ளிக்கு நடுவுல மிகக் குறுகிய வளைவு எவ்வளவுன்னு பார்த்து, மணிக்கு 900 கிலோமீட்டர்னு வகுத்து, ஏறி இறங்க ஒரு அரை மணி நேரம் சேர்த்தா முடிஞ்சுது.

நானும் பைத்தான்ல பத்து வரி எழுதி, ஃபின்லாந்தோட ஹெல்சின்கியையும் ஜப்பானோட நரிட்டாவையும் கொடுத்துப் பார்த்தேன். சுமார் 7,830 கிலோமீட்டர், 9 மணி 12 நிமிஷம்னு வந்துது. சில வருஷத்துக்கு முன்னாடி இது கிட்டத்தட்ட சரியான பதில். ஆனா இப்போ ஃபின்னேர்ல போனா சுமார் 13 மணி நேரம் ஆகுது.

காரணம், அந்தக் குறுகிய வளைவுல பெரும்பகுதி ரஷ்யா மேல போகுது. உக்ரைன் போர் தொடங்கினதும், 2022 பிப்ரவரி 28-ல ஃபின்லாந்து உட்பட 36 நாடுகளோட விமானங்களுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடிடுச்சு.

சரி, வட துருவம் வழியா சுத்திப் போகலாமேன்னு அதையும் போட்டுப் பார்த்தேன். ஹெல்சின்கியிலிருந்து துருவம், அங்கிருந்து அலாஸ்கா பக்கம் பெரிங் நீரிணை, அப்புறம் நரிட்டா. சுமார் 10,650 கிலோமீட்டர். இதுவும் போதாது! பெரிங்குல இருந்து நேர்கோடு போட்டா அது ரஷ்யாவோட கம்சாத்கா பக்கம் ஏறிடும். அதனால பசிபிக் பக்கமா இன்னும் விலகித்தான் போகணும். இன்னொரு வழி தெற்கே: துருக்கி, ஜார்ஜியா, கஜகஸ்தான், சீனா. அதுவும் நீளம்தான்.

இதுல ஒரு வேடிக்கை, துருவ வழி ஃபின்னேருக்குப் புதுசே இல்ல. சோவியத் காலத்துலயும் அந்த வான்வெளி மூடியிருந்துச்சு. அப்போ பல ஐரோப்பிய விமானங்கள் அலாஸ்காவோட ஆங்கரேஜ்ல இறங்கி எரிபொருள் போட்டுக்கிட்டுதான் டோக்கியோ போச்சு. 1983-ல ஃபின்னேர் டிசி-10 விமானத்தை துருவம் வழியா நிக்காம ஓட்டினப்போவும் 13 மணி நேரம்தான்! விமானம் எவ்வளவோ மாறிடுச்சு, நேரம் திரும்ப அங்கேயே வந்து நின்னுடுச்சு.

பயணிக்கு இது கூடுதலா மூணரை மணி நேரத் தூக்கம், அவ்வளவுதான். கம்பெனிக்கு அப்படி இல்ல. ‘ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குக் குறுக்கு வழி எங்க ஊர்தான்’னு சொல்லித்தான் ஃபின்னேர் பல வருஷமா தொழிலை வளர்த்துது. அந்தக் குறுக்கு வழி ஒரே நாள்ல போச்சு. சில விமானங்களை ஊழியர்களோட சேர்த்து மத்த கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட வேண்டிய நிலைமை. இதே நேரத்துல சீன விமானங்கள் ரஷ்யா மேல பழையபடி பறக்குது.

அதனால அடுத்த தடவை இந்த மாதிரி ரூட் தேடினா, ஏர்லைன்ஸோட டைம்டேபிளைப் பாருங்க. அதுல இருக்கிறது கிளம்புற கேட்ல இருந்து சேர்ற கேட் வரைக்குமான நேரம். கூடவே ஒரு ஃப்ளைட் டிராக்கரைத் திறந்து, விமானம் நேத்து எந்தப் பக்கம் வளைஞ்சு போச்சுன்னும் பாருங்க.