பெல்ட் கலர் எப்போது மாறும்? கராத்தே மாஸ்டர்கள் போடும் கணக்கு

சென்னை:-

மாலை 6 மணி ஆனால் போதும். ஸ்கூல் கிரவுண்டு, மாநகராட்சி பூங்கா, கல்யாண மண்டபத்து மொட்டை மாடி என்று கிடைத்த இடத்தில் எல்லாம் வெள்ளை டிரஸ் போட்ட வாண்டுகள் வரிசை கட்டி நின்று தொண்டை கிழிய கத்திக் கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஓரமாக டூவீலரில் சாய்ந்தபடி காத்திருக்கும் அப்பா, அம்மாக்கள் மாஸ்டரைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "மாஸ்டர், எம்பொண்ணுக்கு எப்ப பெல்ட் மாத்துவீங்க?"

ஒரே நாளில் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையன் ஆரஞ்சு பெல்ட் கட்டிவிட்டான், நம்ம பிள்ளை மட்டும் இன்னும் மஞ்சளிலேயே நிற்கிறது என்றால் வீட்டில் சண்டையே வந்துவிடுகிறது. மாஸ்டருக்கு நம்மளைப் பிடிக்கலையோ, போன மாசம் ஃபீஸ் லேட்டா கட்டினதுதான் காரணமோ என்று சந்தேகமும் கிளம்பும். உண்மையில் மாஸ்டர்கள் என்னதான் பார்க்கிறார்கள்?

ஒரே கேள்வித்தாள் கிடையாது

பத்தாம் வகுப்பு பரீட்சை மாதிரி கராத்தேயில் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் இல்லை. ஷோட்டோகான், கோஜு ரியூ, ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ என்று பல பிரிவுகள் உண்டு. ஒரே பிரிவுக்குள்ளேயே சங்கத்துக்கு சங்கம் பாடம் மாறும், கலர் வரிசையும் மாறும். நம்மூரில் அதிகம் காணப்படும் வரிசை வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், ஊதா, பிரவுன், கடைசியாக கருப்பு.

கருப்புக்கு கீழே உள்ள படிகளை 'கியூ' என்பார்கள். இது இறங்குமுகமாக எண்ணப்படும். அதாவது 8-வது கியூவை விட 5-வது கியூ பெரியது. கருப்பு பெல்ட் வந்த பிறகு 'டான்'. அது 1, 2, 3 என்று ஏறுமுகம். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1883-ல் ஆரம்பித்த முறை இது. அதை கராத்தேவுக்குள் கொண்டு வந்தவர் கிச்சின் புனகோஷி. அவர் தன் மாணவர்களுக்கு முதன்முதலாக கருப்பு பெல்ட் கொடுத்தது 1924-ல். முதல் டானுக்கு ஜப்பான் பெயர் 'ஷோடான்'. அதன் அர்த்தம், தொடக்கப் படி. இங்கே பலர் கருப்பு பெல்ட் வாங்கியதும் கிளாசுக்கு முழுக்கு போட்டு விடுகிறார்கள் என்பது வேறு கதை.

3 வருட கணக்கு

பல கிளாஸ்களில் ஆரம்ப பெல்ட்களுக்கு 3 மாதத்துக்கு ஒரு முறை 'கிரேடிங்' எனப்படும் தேர்வு வைக்கிறார்கள். வெள்ளையில் இருந்து பிரவுன் வரை 6 படி, ஆக 18 மாதம். பிரவுனில் 3 நிலை. அங்கே படிக்கு 6 மாதம், இன்னொரு 18 மாதம். எதிலும் தவறாமல், ஒரு தேர்வைக் கூட விடாமல் போனால் கருப்புக்கு 3 வருடம். இது குறைந்தபட்ச கணக்குதான்.

ஆனால் மாதத்தை விட கிளாஸ் எண்ணிக்கைதான் முக்கியம். வாரம் 3 நாள் வருகிற பிள்ளையும், ஸ்கூலில் வாரத்துக்கு ஒரு பீரியடு மட்டும் செய்கிற பிள்ளையும் 3 மாதத்தில் ஒரே இடத்துக்கு வந்துவிட முடியாது. மாஸ்டர் வருகைப் பதிவேட்டைப் புரட்டுவது இதற்காகத்தான்.

சுவரைப் பார்த்து படித்த பாடம்

தேர்வில் 3 பாகம். 'கிஹோன்' எனப்படும் அடிப்படை குத்து, உதை, தடுப்பு. 'கட்டா' எனப்படும் வரிசை அசைவுகள். 'குமிதே' எனப்படும் ஜோடி சண்டை.

ஷோட்டோகானில் குழந்தைகள் முதலில் கற்கும் கட்டாக்களில் ஒன்று 'ஹெயான் ஷோடான்'. 21 அசைவுகள். ஒகினாவா தீவைச் சேர்ந்த அங்கோ இட்டோசு, 1900-களின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய 5 கட்டாக்களில் இருந்து வந்தது இது. ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிய வேண்டும். நாலு அடி தள்ளி முடித்தால், எங்கோ கால் வைத்தது சரியில்லை என்று மாஸ்டருக்கு தெரிந்துவிடும். வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை.

சில மாஸ்டர்கள் இன்னொரு வேலையும் செய்வார்கள். தினமும் கேட்டைப் பார்த்து கட்டா செய்கிற பிள்ளைகளை திடீரென்று மரத்தைப் பார்த்து நிற்க வைத்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். 'கேட் பக்கம் ஒரு குத்து, சுவர் பக்கம் ஒரு தடுப்பு' என்று மனப்பாடம் செய்த பிள்ளை அங்கேயே தடுமாறும். முன்னால் நிற்கும் அண்ணனைப் பார்த்து காப்பி அடிக்கிற பிள்ளையை தனியாக நிறுத்தினால் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அடுத்தது நிற்கிற விதம். முன்கால் முட்டி மடங்கி, பின்கால் நீண்டு, பின் குதிகால் தரையில் பதிய வேண்டும். முதல் 10 நிமிடம் எல்லோரும் ஒழுங்காக நிற்பார்கள். கிளாஸ் முடிய 5 நிமிடம் இருக்கும்போது, தொடை வலிக்கிற நேரத்தில் குதிகால் தூக்குகிறதா என்பதுதான் கேள்வி.

குமிதேயில் பலமாக அடிப்பவனுக்கு மார்க் என்று நினைத்தால் தப்பு. குத்து எதிராளி மீது படாமல் முன்பே நிற்க வேண்டும். தன்னை விட சின்னப் பையன் எதிரில் நிற்கும்போது கை எப்படிப் போகிறது என்று கவனிப்பார்கள். ஸ்கூலில் யாரையாவது அடித்துவிட்டு வந்த சேதி காதுக்கு வந்தால், ஆட்டம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் பெல்ட் தள்ளிப்போகும்.

மொத்தத்தில் முடிவு தேர்வு அன்றைக்கு எடுக்கப்படுவதில்லை. அதற்கு சில வாரங்கள் முன்பே கிளாசில் எடுக்கப்பட்டு விடுகிறது. தயாராகாத பிள்ளையின் பெயரை நல்ல மாஸ்டர் தேர்வுப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. அதனால்தான் தேர்வில் ஃபெயில் ஆவது அபூர்வமாக இருக்கிறது.

எட்டு வயதில் கருப்பு?

குழந்தைகளுக்கு கருப்பு பெல்ட் தருவதில் மாஸ்டர்களுக்குள்ளேயே தகராறு உண்டு. டேக்வாண்டோவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தென்கொரியாவில் உள்ள தலைமை அமைப்பான குக்கிவோன், 15 வயதுக்கு கீழே உள்ளவர்களுக்கு 'டான்' தராமல் 'பூம்' என்ற தனிப் பட்டம் தருகிறது. அவர்கள் கட்டும் பெல்ட் பாதி சிவப்பு, பாதி கருப்பு. கராத்தேயிலும் சில சங்கங்கள் 'ஜூனியர் பிளாக் பெல்ட்' கொடுத்துவிட்டு, வளர்ந்த பிறகு மறுதேர்வு வைக்கின்றன.

ஆண்டு விழாவில் ஓடு உடைப்பது, கை மேல் பைக் ஏற்றுவது எல்லாம் கைதட்டலுக்கு சரி. வளருகிற எலும்புக்கு அது நல்லதல்ல. பெல்ட்டுக்காக அதைச் செய்யச் சொன்னால் பெற்றோர் தாராளமாக மறுக்கலாம்.

பணம் எவ்வளவு?

மாத ஃபீஸ் வேறு, கிரேடிங் ஃபீஸ் வேறு, போட்டிக்கு நுழைவுக் கட்டணம் வேறு. தினக்கூலி வீட்டில் மூன்றும் ஒரே மாதத்தில் வந்தால் தாங்காது. எத்தனை தேர்வு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, பெல்ட்டும் சான்றிதழும் அதிலேயே அடக்கமா என்பதை சேர்க்கிற அன்றே கேட்டுவிடலாம். கூச்சப்பட ஒன்றும் இல்லை.

மாஸ்டர் பக்கமும் ஒரு சங்கடம் இருக்கிறது. "இந்த தடவை வேண்டாம், அடுத்த தடவை பார்க்கலாம்" என்று சொன்னால் அடுத்த வாரமே பிள்ளையை வேறு கிளாசில் சேர்க்கிறவர்கள் உண்டு. இட வாடகை கொடுக்க வேண்டியவருக்கு அது பெரிய அடி. அதற்கு பயந்து 3 மாதத்துக்கு ஒரு முறை கிளாஸ் மொத்தத்துக்கும் பெல்ட் மாற்றிவிடுகிற இடங்களும் இருக்கின்றன. ஒரு வருடமாக ஒரு பிள்ளை கூட நிறுத்தி வைக்கப்படவில்லை என்றால் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும்.

வேலைக்கு உதவுமா?

தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பெல்ட் வாங்கினால் அதில் இடம் கிடைக்கும் என்று நம்பி பிள்ளையை சேர்க்கிறவர்கள் பலர். ஒதுக்கீட்டுக்கு கேட்பது அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் ஆடிய, ஜெயித்த சான்றிதழைத்தான். பெல்ட் சான்றிதழ் அந்தக் கணக்கில் வராது. ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெற்றதும் 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில் மட்டுமே. 2024 பாரீஸ் போட்டியில் இல்லை.

வீடு மாறினால்...

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். வேறு ஏரியாவுக்கு குடி போனால் அங்கே இருப்பது வேறு பிரிவாக இருக்கலாம். கட்டாவே மாறிவிடும். பச்சை பெல்ட்டோடு போன பிள்ளையை புது மாஸ்டர் மறுபடி வெள்ளையில் நிற்க வைத்தால், அது அவமானப்படுத்துவதற்காக இல்லை. சிலர் பழைய பெல்ட்டை கட்டவிட்டு, புதுப் பாடம் பிடிபடும் வரை தேர்வை மட்டும் தள்ளிப்போடுவார்கள். எந்தப் பிரிவு, எத்தனையாவது கியூ, என்றைக்கு நடந்த தேர்வு, யார் கையெழுத்து என்ற விவரங்கள் பழைய சான்றிதழில் தெளிவாக இருந்தால் பேசுவதற்கு வசதி. கிளம்புவதற்கு முன் பழைய மாஸ்டரைப் பார்த்து அதை வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும்.