டிக்கெட் எடுத்தவர்கள் மாற்றிய ஆட்டம்

1954 மே 5, புதன்கிழமை. வேலைநாள். வட இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில், ஓட்சல் மைதானத்தில் ஒரு ரக்பி லீக் ஆட்டம். பதினொரு நாள் முன்பு லண்டன் வெம்பிளியில் சேலஞ்ச் கோப்பை இறுதிப்போட்டி 4-4 என்று சமனில் முடிந்திருந்ததால் வாரிங்டனும் ஹாலிஃபாக்ஸும் மறுபடி மோதின. கணக்கில் ஏறியவர்கள் மட்டும் 1,02,569 பேர். கணக்கில் ஏறாமல் உள்ளே புகுந்தவர்கள் தனி.

ஓட்சல் ஒரு பெரிய பள்ளம். குப்பை கொட்டிச் சரிவுகளை உயர்த்தி மைதானமாக்கியிருந்தார்கள். களம் அடியில், உடை மாற்றும் அறையோ மேட்டின் உச்சியில். ஆட்டக்காரர்கள் படி இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டுதான் களத்துக்கு வரவேண்டும். கை நீட்டினால் தோள் தட்டும் தூரம். வாரிங்டன் 8-4 என்று வென்றது. லட்சம் பேர் பார்க்க மொத்தமே 12 புள்ளி. புள்ளி மழையில் நனைய வந்த கூட்டமாக இருந்தால் ஏமாந்து போயிருக்கும்.

பிறகு எதற்கு வந்தார்கள்? அதற்கு இந்த ஆட்டம் பிறந்த கதைக்குப் போகவேண்டும்.

கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக ஆடுவது ரக்பி யூனியன். ரக்பி லீக், அந்த வீட்டிலிருந்து சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய தம்பி. சண்டை கூலியைப் பற்றியது. யார்க்ஷயர், லங்காஷயர் பகுதிகளில் ரக்பி ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள். ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுகட்டவாவது அனுமதியுங்கள் என்று வடக்கத்திய கிளப்புகள் கேட்டன. பணத்துக்காக ஆடுவது கேவலம் என்று லண்டன் கனவான்கள் மறுத்தார்கள். சாப்பாட்டுக்குக் கவலையில்லாதவர்கள் சொல்வது எப்போதும் சுலபம். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வடக்கத்தியர் தனிச் சங்கம் கண்டார்கள்.

கூலி கொடுக்க வேண்டுமானால் டிக்கெட் வசூல் வேண்டும். வசூல் வேண்டுமானால் பார்ப்பவர் கொட்டாவி விடக்கூடாது. ரக்பி லீக்கின் விதிகள் மாறிய கதை முழுக்க இதுதான். பந்தை வெளியிலிருந்து எறியும் லைன்-அவுட் 1897இல் போனது. 1906இல் அணிக்கு 15 பேர் என்பது 13 ஆனது. களம் திறந்தது, ஓட இடம் கிடைத்தது. பிடிபட்டவர் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டால் ஆட்டம் தொடரும் என்ற ஏற்பாடும் அப்போது வந்ததுதான்.

அப்படியும் ஒரு குறை மிஞ்சியது. எத்தனை முறை பிடிபட்டாலும் பந்து அதே அணியிடம் இருக்கலாம். பந்தை வைத்துக்கொண்டு எதிரணியைத் தவிக்கவிடலாம். அந்த விதி இருந்த காலத்தில்தான் சிட்னியின் செயின்ட் ஜார்ஜ் அணி 1956 முதல் 1966 வரை தொடர்ந்து 11 பட்டம் அள்ளியது. 1967இல் அங்கே நான்கு டேக்கிள், அதாவது நான்கு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்கு, என்று வரம்பு வைத்தார்கள்; அந்த ஆண்டே செயின்ட் ஜார்ஜின் வரிசை அறுந்தது. பிறகு நான்கு ஆறானது. இன்றும் ஆறுதான்.

கபடி பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது ‘டூ ஆர் டை’ ஆகும்போது அரங்கம் எப்படி இறுகுகிறதோ, ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் இங்கே அப்படி இறுகும். உதைப்பதா, ஓடுவதா? 80 நிமிட ஆட்டத்தில் இந்தக் கணம் திரும்பத் திரும்ப வரும். முதல்முறை பார்ப்பவருக்கும் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

ஆனால் விதி ஆளை உட்காரவைக்கும், வரவைப்பது ஊர். ஃபெதர்ஸ்டோன் என்ற சின்னஞ்சிறு சுரங்க ஊரின் அணி 1983இல் வெம்பிளியில் பெருநகரமான ஹல்லின் அணியை 14-12 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்துப் போனது. பெரிய வெள்ளியன்று விகன், செயின்ட் ஹெலன்ஸ் அணிகள் மோதுவது பக்கத்து ஊர்ப் பங்காளிச் சண்டை. கால்பந்தில் போல ரசிகர்களை வேலி போட்டுப் பிரிப்பது இங்கே வழக்கமில்லை. எதிரணிக்காரர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உங்களோடு வாதாடுவார்.

இந்த ஊர்ப்பாசத்தை ஆஸ்திரேலியர்கள் சாமர்த்தியமாகப் பயன்படுத்தினார்கள். குயின்ஸ்லாந்தில் பிறந்த நல்ல ஆட்டக்காரர்களைப் பணம் கொடுத்து சிட்னி கிளப்புகள் இழுத்துக்கொள்ளும்; மாநிலங்கள் மோதும்போது அவர்களே சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸின் சட்டை போட்டுச் சொந்த மாநிலத்தைத் தோற்கடிப்பார்கள். 1980 ஜூலை 8 அன்று பரீட்சார்த்தமாக விதியைத் திருப்பினார்கள்: எங்கே சம்பளம் வாங்கினாலும் சரி, முதலில் ஆடிய மாநிலத்துக்கே ஆடவேண்டும். பிரிஸ்பேனின் லாங் பார்க்கில் 35 வயது ஆர்தர் பீட்சன் குயின்ஸ்லாந்துக்குத் தலைமை ஏற்றார். சிட்னியின் பாரமாட்டா கிளப்பில் தன்னோடு ஆடிய மிக் குரோனின் மீதே முரட்டுத்தனமாக மோதினார். குயின்ஸ்லாந்து 20-10 என்று வென்றது. ‘ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்’ அன்றைக்கு வேர்பிடித்தது.

ஊரைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சிட்னியே சாட்சி. 1908 முதல் ஆடிவந்த சவுத் சிட்னி அணியை, அணிகளைக் குறைக்கும் திட்டத்தில் 1999 முடிவில் வெளியே தள்ளினார்கள். பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள், வழக்கும் நடந்தது. 2002இல் அணி திரும்பியது. 43 ஆண்டுக்குப் பின் 2014இல் அது பட்டம் வென்றபோது அரங்கில் 83,833 பேர்.

எல்லா வாரமும் இப்படியில்லை. எண்பதாயிரம் பேர் உட்காரும் அதே அரங்கில் சாதாரண ஆட்டத்துக்கு இருக்கைகள் காற்றாடும். புல்மேட்டில் குடும்பத்தோடு உட்காரும் லைக்கார்ட் ஓவல் போன்ற பேட்டை மைதானங்களை ரசிகர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான். வாணவேடிக்கையும் பாட்டுக் கச்சேரியும் கூட்டம் சேர்க்கும் என்று நம்பும் நிர்வாகிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஒரே ஒரு ஆட்டம் பார்த்து முடிவு செய்ய நினைப்பவர்கள் ஆண்டின் நடுவில் வரும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் புதன்கிழமை இரவில் நடக்கும். நமக்குப் பிற்பகல் மூன்றரை மணி.